கண்ணு ரெப்பை ‘விழுந்த’ கதை – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல சிலது வேற வேற ஊர்லேர்ந்து வேற வேற விஷயம் கேட்டிருந்தாலும், தோண்டிப் பாத்தா எல்லாம் ஒரே வேர்ல போய் நிக்குது. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு வெச்சுட்டு இதை மட்டும் சேர்த்து எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க அம்மாவுக்கு 67 வயசு. ரெண்டு வருஷமா வலது கண்ணு ரெப்பை கொஞ்சம் கொஞ்சமா இறங்கி இப்போ பாதிக் கண்ணை மூடுது. ஆஸ்பத்திரில டாக்டர் ‘டோசிஸ்’னு சொன்னார், சீட்டுல பாத்தா பி, டி, ஓ, எஸ், ஐ, எஸ்னு எழுதியிருக்கு. ‘டி’ எழுத்துல தேடினா டிக்ஷனரில கிடைக்கவே இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்? பேரைக் கேட்டே அம்மா பயந்து போயிருக்காங்க. – ஒரு வாசகி, தேனி

பதில்: முதல்ல அம்மாகிட்ட இதைச் சொல்லிடுங்க, அந்த வார்த்தைக்கு ‘விழுறது’ங்கறதைத் தவிர வேற அர்த்தமே இல்ல. கண்ணுக்குத் தெரியற ஒரு நிலைமைக்கு வெச்ச பேரு அது, காரணம் என்னன்னு அந்தப் பேருல ஒண்ணும் சொல்லல. கயித்துக்கட்டில் தொய்ஞ்சு போச்சு, குடல் இறங்கிடுச்சுன்னு நாம சொல்ற மாதிரி கிரேக்கர்கள் ‘ப்டோசிஸ்’னு சொன்னாங்க. விழுறதுக்கு அவங்க மொழியில வினைச்சொல் ‘பிப்டெய்ன்’, அதுலேர்ந்து பிறந்த பெயர்ச்சொல்தான் இது. முழுசா எழுதணும்னா ‘ப்ளெஃபரோப்டோசிஸ்’, ப்ளெஃபரான்னா கண்ணிமை, ஆனா கண் டாக்டருங்க மத்தியில முன்பாதி தேவைப்படாம போயி வால் மட்டும் நின்னுடுச்சு. 18ஆம் நூற்றாண்டுலயே இங்கிலீஷ்ல புழங்க ஆரம்பிச்சாச்சு. கிட்னி தன் இடத்தை விட்டு கீழ இறங்கினா அதுக்கும் இதே வாலை ஒட்டி நெஃப்ரோப்டோசிஸ்னு சொல்வாங்க.

எழுத்துல இருக்கற ‘பி’ வாய்ல ஏன் வரலைன்னா, கிரேக்கர்கள் ப், ட் ரெண்டையும் சேர்த்தே சொன்னாங்க, இப்பவும் சொல்றாங்க, ஆனா இங்கிலீஷ்காரங்க நாக்குக்கு சொல்லோட தொடக்கத்துல அந்த ஜோடி ஒத்து வரல, அதனால எழுத்தை வெச்சுக்கிட்டு சத்தத்தை விட்டுட்டாங்க. நிமோனியாவுக்கும் சைக்காலஜிக்கும் முன்னாடி ஒரு ஊமை ‘பி’ இருக்கே, அதுவும் இதே கதைதான். நம்ம தமிழுக்கும் சொல்லு முதல்ல ரெண்டு மெய் சேர்ந்து நிக்கிறது ஆகாது, ஆனா நாம வேற வழி பிடிச்சோம், எதையும் தொலைக்காம ஒரு உயிரைக் கூட சேர்த்துக்கிட்டோம், அதான் இஸ்கூல், இஸ்டேஷன். எனக்கு நம்ம வழிதான் பிடிச்சிருக்கு, வந்த சத்தம் ஒண்ணும் வீணாகல பாருங்க.

இப்போ அம்மாவோட கண்ணுக்கு வருவோம். மேல் ரெப்பையைத் தூக்குறதுக்குன்னே ஒரு தசை இருக்கு, மூளையிலேர்ந்து வர்ற மூணாவது நரம்பு அதை இயக்குது. கூடவே சின்னதா இன்னொரு தசையும் தாங்கிப் பிடிக்குது. சாதாரணமா கண்ணைத் திறந்து வெச்சிருக்கும்போது ரெப்பையோட ஓரம் கருவிழியோட மேல் விளிம்பை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மறைச்சு நிக்கும், அதுக்கும் கீழ வந்தா அதைத்தான் டோசிஸ்ங்கறாங்க. வயசானவங்களுக்கு பெரும்பாலும் நடக்கறது என்னன்னா, தசை நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தத் தசையை ரெப்பையோட இணைக்கிற மெல்லிசான பட்டை நாளாவட்டத்துல இழுபட்டு தளர்ந்துடும், பாவாடை நாடா லூஸானா பாவாடை இறங்குற மாதிரி. கான்டாக்ட் லென்ஸ் வருஷக்கணக்கா போட்டு எடுக்கறவங்களுக்கு சின்ன வயசுலயே இப்படி ஆகறதுண்டு. அம்மா நெத்தியைப் பாருங்க, புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பாக்கறதால அந்தப் பக்கம் சுருக்கம் அதிகமா இருக்கும், சாயங்காலம் நெத்தி வலிக்குதுன்னு சொன்னா அதுவும் இதனாலதான் இருக்கலாம். பார்வையை மறைச்சா ஆபரேஷன் பண்ணி அந்தப் பட்டையை இறுக்கி வெச்சுத் தைப்பாங்க, பெரியவங்களுக்கு பல நேரம் ரெப்பைக்கு மட்டும் மரத்துப் போற ஊசி போட்டுத்தான் பண்றாங்க, ஏன்னா நடுவுல “அம்மா கண்ணைத் திறங்க, மேல பாருங்க”ன்னு சொல்லி ரெண்டு கண்ணும் ஒரே உயரத்துல நிக்குதான்னு பாத்துப் பாத்து தையல் போடணும், மயக்கத்துல இருந்தா அது நடக்காது.

ரெண்டு வருஷமா மெதுவா இறங்கினதுன்னு எழுதியிருக்கீங்க, அது ஆறுதலான விஷயம். ஒரே நாள்ல திடீர்னு ரெப்பை விழுந்து கூடவே கடுமையான தலைவலி, எதைப் பாத்தாலும் ரெண்டு ரெண்டா தெரியறது, அந்தக் கண்ணோட பாப்பா பெருசா விரிஞ்சு நிக்கறது, இப்படி எதாவது இருந்தா ஒரு மணி நேரம்கூட தள்ளிப் போடக் கூடாது, மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஊதி அந்த மூணாவது நரம்பை அழுத்துறதா இருக்கலாம். பாப்பா சுருங்கி ரெப்பை லேசா மட்டும் இறங்கினா அது வேற கதை, 1869ல சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் ஹார்னர் விவரிச்சதால அவர் பேராலயே சொல்றாங்க, அப்போ கழுத்து, நெஞ்சோட மேல்பகுதி வரைக்கும் படம் எடுத்துப் பாப்பாங்க, ஏன்னா ஒரு நரம்பு அந்த வழியா சுத்திக்கிட்டுத்தான் கண்ணுக்கு வருது.

இன்னொண்ணும் கவனிங்க. காலைல சரியா இருக்கற ரெப்பை பொழுது சாய சாய இறங்கினா, அதாவது உழைக்க உழைக்க அசந்தா, அது மையஸ்தீனியாவா இருக்கலாம், நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேராத கோளாறு. மூடின கண்ணு மேல ஐஸ் துண்டைத் துணியில சுத்தி ரெண்டு நிமிஷம் வெச்சு எடுத்தா ரெப்பை மேல ஏறுதான்னு டாக்டருங்க பாப்பாங்க, குளிர்ல அந்த இணைப்பு கொஞ்சம் நல்லா வேலை செய்யுது. 1934ல இங்கிலாந்துல கிரீனிச் ஆஸ்பத்திரி ஒண்ணுல வேலை பாத்த மேரி வாக்கர்ங்கற டாக்டர், இந்த நோய், தென் அமெரிக்காவுல அம்பு நுனியில தடவுற குராரே விஷம் ஏறின மாதிரியே இருக்கேன்னு யோசிச்சு, அந்த விஷத்துக்கு முறிவா இருந்த ஃபைசோஸ்டிக்மைன் மருந்தை ஊசியா போட்டுப் பாத்தாங்க, தொங்கின ரெப்பை மேல ஏறுச்சு. கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்த குணம், ஆனா அதே வழியில வந்த மாத்திரைகளைத்தான் இன்னிக்கும் சாப்பிடுறாங்க.

எனக்கு ஒரு வருத்தம் மட்டும் இருக்கு. சீட்டுல அந்த ஆறு எழுத்தை எழுதினவர் பக்கத்துல ‘ரெப்பை இறங்கியிருக்கு’ன்னு ரெண்டு வார்த்தை தமிழ்ல எழுதியிருந்தா உங்க அம்மா இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்க மாட்டாங்க.

கேள்வி: எங்க பக்கத்துல வயல் காவலுக்குத் தரையில படுத்திருந்தவருக்கு விடிகாலைல கண்ணே திறக்க முடியல, தூக்கக் கலக்கம்னு விட்டுட்டாங்க, அப்புறம் பாத்தா பாம்புக்கடியாம். கடிச்ச இடமே தெரியலைன்னாங்க. கண்ணுக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம்? – ஒரு வாசகர், செய்யாறு

பதில்: நீங்க சொல்றதைப் பாத்தா கட்டுவிரியன் மாதிரி இருக்குங்க. அது ராத்திரில வெளிய வரும், தரையில படுத்திருக்கறவங்களைத்தான் அதிகமா கடிக்குது, பல்லு சின்னது, வலியும் பெருசா இருக்காது, வீக்கமும் வராது, அதனால கடிபட்டவரே எறும்புன்னு நெனச்சு திரும்பிப் படுத்துடுவார். அதோட விஷம் நரம்பு நுனியைத் தாக்கி தசைக்குப் போற கட்டளையை நிறுத்துது. உடம்புல ரொம்ப சின்ன, ஓயாம வேலை பாக்கற தசைங்க ரெப்பையிலயும் கண்ணைச் சுத்தியும் இருக்கு, அதனால அடி முதல்ல அங்கதான் தெரியும், அப்புறம் பேச்சு குழறும், எச்சில் முழுங்க முடியாது, கடைசில மூச்சு விடுற தசை. வயித்து வலியும் வாந்தியும்கூட முன்னாடியே வரலாம். நல்ல பாம்பு கடிச்சாலும் ரெப்பை விழும், ஆனா அங்க கடிவாயில வலியும் வீக்கமும் இருக்கும், அதனால சந்தேகம் வர்றதில்ல.

இதை தயவுசெஞ்சு நாலு பேர்கிட்ட சொல்லுங்க, தரையில படுத்து எழுந்தவருக்குக் காலைல ரெண்டு ரெப்பையும் தொங்கினா அதைத் தூக்கக் கலக்கம்னு நெனைக்காதீங்க, பாம்புக்கடின்னு நெனச்சு 108க்குப் போன் பண்ணுங்க. கட்டு இறுக்கறது, கீறி விடுறது, பச்சிலை தேடிப் போறது எதுவும் வேண்டாம், நடக்க விடாம கொண்டு போங்க. அவர் கண்ணைத் திறக்கலைன்னாலும், பதில் சொல்லலைன்னாலும் பக்கத்துல நின்னு பேசறது அவர் காதுல விழலாம், ஏன்னா விஷம் மூளையைத் தொடல, தசையைத்தான் கட்டிப் போட்டிருக்கு, அதனால “அவ்ளோதான் முடிஞ்சுது”ன்னு அங்க நின்னு அழாதீங்க, தைரியம் சொல்லுங்க. விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் சரியான நேரத்துல கிடைச்சா நாள் கணக்கா அசையாம கிடந்தவங்ககூட எழுந்து நடந்திருக்காங்க.

அந்த விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு பாம்போட விஷத்துலேர்ந்து செய்யறது. அந்த விஷத்தை எடுத்துக் குடுக்கறது மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலில 1978லேர்ந்து நடக்கற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். பாம்பைக் கொல்லாம பிடிச்சு, விஷத்தைக் கறந்துட்டு திரும்பக் காட்டுல விடுறாங்க. நாட்டுல எங்கயோ ஒரு ஆஸ்பத்திரில விழுந்த ரெப்பை ஒண்ணு மறுபடி திறக்குதுன்னா அதுல அவங்க கைக்குப் பங்கு இருக்கு.

கேள்வி: என் பாட்டி காய்ச்சல்ல யாராவது பினாத்தினா ‘சன்னி கண்டுடுச்சு’ம்பாங்க. சன்னின்னா என்ன? – ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அது ‘சன்னிபாதம்’ங்கற சமஸ்கிருத வார்த்தையோட சுருக்கம்ங்க, சிலர் ஜன்னின்னும் சொல்வாங்க. சம், நி, பாதம்னு பிரிக்கணும், ‘ஒண்ணா சேர்ந்து கீழ விழுறது’ன்னு அர்த்தம். வாதம், பித்தம், கபம் மூணும் ஒரே நேரத்துல கெட்டு வந்து விழுந்தா வர்ற கடுமையான காய்ச்சலை ஆயுர்வேதத்துல அப்படிச் சொன்னாங்க, அந்தக் காய்ச்சல்ல பினாத்துறது அதிகம், அதனால வார்த்தையோட தலை மட்டும் தங்கிப் போய் பினாத்தலுக்கே பேராயிடுச்சு.

இப்போ மேல தேனி வாசகிக்குச் சொன்ன ‘பிப்டெய்ன்’ ஞாபகம் இருக்கா? டாக்டர்கிட்ட போனா ‘என்ன சிம்ப்டம்’னு கேக்கறாரே, அந்த சிம்ப்டமைப் பிரிச்சா சிம்னா சேர்ந்து, ப்டோமான்னா விழுந்தது, அதாவது ஒருத்தர் மேல வந்து விழுந்தது. சன்னிபாதமும் சிம்ப்டமும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்குல்ல, முதல்முதல்ல இதைப் பாத்தப்போ எனக்கு அன்னிக்கு வேற வேலையே ஓடல. இது தற்செயல் இல்ல, சமஸ்கிருதத்துல ‘பத்’ங்கற வேருக்கு விழு, பற அப்படின்னு ரெண்டு அர்த்தமும் உண்டு, கிரேக்கத்துல இருக்கற வேரும் அதேதான், ரெண்டும் ஒரே பழைய மொழியிலேர்ந்து பிரிஞ்சது. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களா இருக்கணும்னு 1786ல கல்கத்தாவுல ஜட்ஜா இருந்த வில்லியம் ஜோன்ஸ் பேசினாரே, அதுக்கு இந்த மாதிரி ஜோடிங்கதான் சாட்சி.

பறக்கறதும் விழுறதும் எப்படி ஒரே வேர்னா, காத்துல வேகமா வர்றதுதான் மூல அர்த்தம், மேல போனா பறக்கறது, கீழ வந்தா விழுறது. பறக்கற பக்கத்துலேர்ந்து சமஸ்கிருதத்துல ‘பத்ரம்’ வந்துச்சு, இறகு, அப்புறம் இலை, அப்புறம் எழுதற ஓலை, அதுலேர்ந்துதான் நாம வீட்டுல பூட்டி வெக்கற பத்திரமும், நீங்க இப்போ படிச்சுட்டிருக்கற பத்திரிகையும். லத்தீன்ல அதே வேர் ‘பென்னா’ன்னு இறகுக்குப் பேராச்சு, இறகால எழுதினாங்க, போர்ச்சுகீசியர் வாய் வழியா நமக்கு ‘பேனா’ வந்துச்சு. ஹெலிகாப்டர்ல பின்னாடி வர்ற ‘ப்டர்’ கிரேக்கத்துல றெக்கை, அங்க அந்த ‘பி’ ஊமையாகாம பேசுது, ஏன்னா அதுக்கு முன்னாடி சாஞ்சுக்க ஒரு உயிரெழுத்து இருக்கு. விழுற பக்கத்துலேர்ந்து ‘பாதகம்’, மனுஷனை விழ வெக்கிற பாவம், ‘படுபாதகா’ன்னு திட்டறோமே அது. ஆனா ஜாக்கிரதை, ‘சாதக பாதகம்’ல வர்ற பாதகம் இது இல்ல, அது தடைங்கற அர்த்தத்துல வர்ற வேற சமஸ்கிருத வார்த்தை, தமிழ் எழுத்துல ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. கால் பாதமும் இந்த சன்னி‘பாதம்’ இல்ல. நம்ம ‘விழு’வும் இந்தக் குடும்பம் கிடையாது, அது சொந்த திராவிடச் சொல்லு.

கேள்வி: பயாலஜில ‘அபாப்டோசிஸ்’ படிச்சோம், செல் தானா சாகறதாம். அதுக்கு ஏன் இவ்ளோ கஷ்டமான பேரு? – ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: கஷ்டமான பேரு இல்ல தம்பி, ரொம்ப அழகான பேரு. ‘அபோ’ன்னா விட்டு, ‘ப்டோசிஸ்’னா விழுறது, மரத்தை விட்டு இலை உதிர்றதுக்கும் பூவை விட்டு இதழ் உதிர்றதுக்கும் கிரேக்கத்துல இருந்த வார்த்தை. 1972ல கெர், வைலி, கர்ரின்னு மூணு பேரு ஸ்காட்லாந்து அபர்டீன்லேர்ந்து எழுதின கட்டுரையில இந்தப் பேரை வெச்சாங்க, அந்தப் பல்கலைக்கழக கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக்கிட்ட கேட்டு வாங்கின பேரு. அதுலயே அடிக்குறிப்பு போட்டு, பின்பாதியை கண்ணிமைக்குச் சொல்ற டோசிஸ் மாதிரியே ‘பி’ இல்லாம சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க, ஆனா நிறைய பேரு ‘பி’யைச் சேர்த்துத்தான் சொல்றாங்க.

பேருக்கு ஏத்த மாதிரியேதான் வேலையும். அடிபட்டு சாகற செல்லு வெடிச்சு சுத்தி இருக்கறதையெல்லாம் புண்ணாக்கும், இது அப்படி இல்ல, சுருங்கி, துண்டு துண்டா பொட்டலம் கட்டிக்கிட்டு சத்தமில்லாம உதிருது, பக்கத்து செல்லுங்க அதை எடுத்து முழுங்கிடுது. கருவுல நம்ம கைவிரலுக்கு நடுவுல வாத்து கால் மாதிரி ஜவ்வு இருந்துச்சு, அந்த செல்லுங்க உதிர்ந்ததாலதான் இன்னிக்கு அஞ்சு விரலும் தனித்தனியா இருக்கு. சி எலிகன்ஸ்னு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, அது வளரும்போது 1090 செல்லு உண்டாகி அதுல சரியா 131 உதிர்ந்துடும், 959 மிச்சம், அதை எண்ணிக் கண்டுபிடிச்சு காரணமான ஜீனையும் தேடிப் பிடிச்சதுக்கு பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூணு பேருக்கும் 2002ல நோபல் பரிசு கிடைச்சுது. உதிர வேண்டிய செல்லு உதிராம நின்னா அதுதான் கேன்சருக்கு ஒரு வழி, அதனாலதான் இது பரீட்சையோட முடியற பாடம் இல்ல. கணக்குப் பாடத்துல தொலைத்தொடுகோடு வருமே, அசிம்ப்டோட், அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான், ‘சேர்ந்து விழாதது’, வளைகோட்டுக்கு நெருங்கி நெருங்கிப் போயும் அது மேல போய் விழாத கோடு.

கேள்வி: நான் தமிழாசிரியர். கிரேக்க இலக்கணத்துல வேற்றுமைக்கும் ‘ப்டோசிஸ்’னுதான் பேருன்னு கேள்விப்பட்டேன், உண்மையா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்மைதான் ஐயா. அரிஸ்டாட்டில் ஒரு சொல்லு அடையற எந்த மாத்தத்துக்கும் அந்தப் பேரைச் சொன்னார், பின்னாடி வந்த ஸ்டோயிக்ங்கற கிரேக்க தத்துவ மரபு அறிஞர்கள் பெயர்ச்சொல்லுக்கு மட்டும்னு ஒதுக்கினாங்க. நேரா நிக்கற பேரு எழுவாய், அது சாஞ்சு சாஞ்சு விழுற நிலைங்க மத்த வேற்றுமைங்கன்னு ஒரு படம் அவங்க மனசுல இருந்துச்சு. லத்தீன்காரங்க அதை அப்படியே தங்கள் மொழியில ‘விழுதல்’னு மாத்தி ‘காசுஸ்’னு வெச்சாங்க, இங்கிலீஷ் இலக்கணத்துல ‘கேஸ்’னு சொல்றது அதுதான், கோர்ட்டு கேஸும் ஆஸ்பத்திரி கேஸும்கூட அதுவே, மனுஷனுக்கு வந்து விழுந்த விஷயம். சமஸ்கிருதத்துல அதையே பிரிவுன்னு பாத்து ‘விபக்தி’ன்னாங்க. தொல்காப்பியர் பாத்தது பொருள் வேறுபடுறதை, விளியோட சேர்த்து எட்டு வேற்றுமை. ‘மரம்’னு சொல்லிட்டு நிறுத்தினா ஒண்ணு, மரத்தை வெட்டினான்னா அதோட நிலைமையே வேற, மரத்தால செஞ்சான்னா இன்னும் வேற, பேரு பொருளால வேறாகுதுன்னு சொன்ன அந்தப் பார்வைதான் எனக்கு எல்லாத்தையும்விட தெளிவா படுது. வகுப்புல மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டிப் பாருங்க, பசங்க கேள்வி மேல கேள்வி கேப்பாங்க.

கேள்வி: மருத்துவக் கையேடு ஒண்ணு தமிழ்ல மாத்திட்டிருக்கேன். டோசிஸுக்கு ‘இமை வீழ்ச்சி’, ‘இமைத் தொய்வு’ எதைப் போடலாம்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: வீழ்ச்சி வேண்டாம், சாம்ராஜ்யம் விழுந்த மாதிரி இருக்கு. தொய்வு பரவாயில்ல, ஆனா வயசானவங்களுக்குத் தோல் மட்டும் தளர்ந்து மடிஞ்சு ரெப்பை மேல தொங்கும், ரெப்பையோட ஓரம் இடத்துலயேதான் இருக்கும், அதுக்கு அந்த வார்த்தையை மிச்சம் வெச்சுக்கோங்க, அது வேற பிரச்சனை, அதுக்குப் பண்ற ஆபரேஷனும் வேற. குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம்னு ஜனங்க ஏற்கனவே பேசறாங்க, அதனால ‘இமை இறக்கம்’னு போடுங்க, கிராமத்துல படிக்கிறவங்களுக்குன்னா ‘ரெப்பை இறக்கம்’. கையேட்டுல குழந்தைங்களுக்குன்னு தனியா ஒரு பத்தி இருக்கட்டும், பொறந்ததுலேர்ந்தே ரெப்பை இறங்கி பாப்பாவை மறைச்சா மூளை அந்தக் கண்ணால பாக்கவே கத்துக்காம போயிடும், வளர்ந்தப்புறம் ரெப்பையைத் தூக்கினாலும் பார்வை முழுசா வராது, அதனால குழந்தை நாடியைத் தூக்கித் தூக்கிப் பாக்குதுன்னா ‘ஸ்டைலா பாக்குது’ன்னு விட்டுடாம உடனே கண் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி எழுதுங்க.